கடைசி வரிசையில் நின்ற சித்தப்பாவுக்கு

கொலம்பஸ், ஒஹாயோ
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. காலையில் கார் கண்ணாடியில் உறைந்து கிடக்கும் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. சித்தியின் முட்டி வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் காட்டச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை பேசும்போது, "பின்னாடி என்னம்மா கொட்டுச் சத்தம், ஊர்வலமா?" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பட்டாலியன் பேண்டில் காலமெல்லாம் பேஸ் ஊதிய மனிதரிடம் போனில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை அது.

அது ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டியின் மார்ச்சிங் பேண்டு. எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் ஸ்டேடியம் பக்கம்தான். 1922-ல் குதிரை லாட வடிவில் கட்டியது. இன்றைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமை ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளும். அன்றைக்கு நாங்கள் காய்கறி வாங்கக்கூட வண்டியை எடுப்பதில்லை. ஃபுட்பால் என்று பெயர், ஆனால் பந்தைப் பெரும்பாலும் கையில்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை. நான் போவது பேண்டுக்காக.

இந்தப் பேண்டு வந்த வழி உங்களுக்குப் பிடிக்கும். 1862-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. மாநிலங்களுக்கு நிலம் தருகிறோம், அதை வைத்து விவசாயமும் தொழில்நுட்பமும் கற்பிக்கிற கல்லூரி கட்டுங்கள், ஆனால் அங்கே ராணுவப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1870-ல் இந்தப் பல்கலைக்கழகம் அப்படித்தான் பிறந்தது. மாணவர்கள் பரேடு நடக்க வேண்டும் என்றால் யாராவது கொட்டு அடிக்க வேண்டுமே! 1878-ல் சின்னப் புல்லாங்குழலும் முரசுமாக ஒரு குழு ஆரம்பித்தது. நம் ஊரில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன பேண்டு போலீஸுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் போய்ச் சேர்ந்தது, இங்கே காலேஜ் மைதானத்துக்குப் போயிருக்கிறது. யூனிஃபார்மில் இன்னும் அந்த வாசனை இருக்கிறது: கறுத்த கம்பளிக் கோட்டு, மார்பின் குறுக்கே வெள்ளைப் பட்டை.

1934-ல் யூஜின் வெய்கல் என்ற இயக்குநர் மரக் குழல்களை எல்லாம் எடுத்துவிட்டு, பித்தளையும் தாளமும் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டார். கிளாரினெட் இல்லாமல் ஒரு பேண்டா என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவ்வளவு பெரிய திறந்த மைதானத்தில் கடைசிப் படிக்கட்டு வரை போய்ச் சேர்வது பித்தளைதான். கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இவர்கள் நடந்தே மைதானத்தில் எழுதுவார்கள், சித்தப்பா. 'ஒஹாயோ' என்று, ஆங்கிலத்தில், கூட்டெழுத்தில். முதலில் மொத்தப் பேண்டும் வட்டமாகச் சுழலும். பிறகு ட்ரம் மேஜர் முன்னால் போக, ஒருவர் பின் ஒருவராக வட்டத்திலிருந்து உருவிக்கொண்டு வருவார்கள். ஒரே வரிசை, நூற்றுக்கணக்கான ஆட்கள், நடுவில் எங்கும் அறுவதில்லை. வளைவு குறுக்கே வெட்டுகிற இடத்தில் ஒரு வரிசைக்குள் இன்னொரு வரிசை புகுந்து வெளியேறும். யாரும் யாரையும் இடிப்பதில்லை, ஊதுவதும் நிற்பதில்லை. ராபர்ட் பிளாங்கெட் என்ற பிரெஞ்சுக்காரர் மெட்டமைத்த ஒரு ராணுவ நடைப்பாட்டுத்தான் அதற்கு இசை. மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. சாதாரணமாக அணிவகுக்கும்போது இரண்டு கோட்டுக்கு நடுவே சரியாக எட்டுக் காலடி வைக்க வேண்டும், அதாவது காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். மேலே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு யாரோ பேனாவை எடுக்காமல் எழுதுவது போலவே இருக்கும். விமானங்கள் வானத்தில் புகையால் எழுதுவதைப் பார்த்ததும் இந்த யோசனைக்கு ஒரு காரணம் என்று வெய்கல் சொல்லியிருக்கிறார்.

முதல் தடவை எழுதியது 1936 அக்டோபர் 10, பிட்ஸ்பர்க் அணியோடு ஆட்டம் நடந்த அன்று. இதில் ஒரு வம்பும் உண்டு. 1932-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகப் பேண்டு இங்கே விருந்தாளியாக வந்து இதே பெயரை இதே மைதானத்தில் எழுதிக் காட்டியதாம். இந்த ஊருக்கு மிச்சிகன் என்றால் ஆகாது, அதனால் இங்கே அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நான் ஒரு முறை ஆபீஸில் எடுத்தேன். பக்கத்து மேஜைக்காரர் அன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை.

எழுத்து எல்லாம் ஆன பிறகு ஒன்று பாக்கி இருக்கும். 'ஐ' எழுத்தின் தலையில் புள்ளி. அதை வைக்கிறவர் யார் தெரியுமா? பேஸ்காரர்!

சூசாபோன் ஊதுகிறவர், சித்தப்பா. நீங்கள் தோளில் மாட்டிக்கொண்டு குடியரசு தினத்தில் கடைசி வரிசையில் நடப்பீர்களே, அதே பெரிய பித்தளை வாத்தியம். 1936-ல் முதன்முதலாகப் புள்ளியில் நின்றது கார்னெட் என்ற சின்னப் பித்தளைக் குழல் ஊதுகிற ஒருவர். அடுத்த வருஷமே வெய்கல் அவரை நகர்த்திவிட்டு கிளென் ஜான்சன் என்ற சூசாபோன்காரரை அங்கே நிறுத்தினார். 1938-ல் ஒரு நாள் அவரைக் கூட்டிப் போகிற ட்ரம் மேஜர் கொஞ்சம் முன்னாலேயே புள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டார், பாட்டு இன்னும் முடியவில்லை. மிச்சத் தாளத்தை என்ன செய்வது? ஜான்சன் ஒரு காலை ஓங்கி உதைத்து, திரும்பி, குனிந்து ஒரு கும்பிடு போட்டார். ஸ்டேடியம் அதிர்ந்ததாம். அன்று சமாளிப்புக்குச் செய்தது இன்று வரை சம்பிரதாயம். தாளம் மிஞ்சினால் என்ன செய்வது என்று உங்கள் பேண்டு மாஸ்டர் திட்டிய கதையெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போதெல்லாம் நாலாவது, ஐந்தாவது வருஷம் பேண்டில் இருக்கும் சூசாபோன்காரர்களுக்குத்தான் அந்த இடம். அவர் ட்ரம் மேஜர் பின்னால் கிளம்பி, முதுகை வளைத்து, காலை வீசி நடந்து போய் நின்று, வாத்தியத்தோடு இரண்டு பக்கமும் குனிவார். அந்தப் பாரத்தோடு அப்படிக் குனிவது என்ன கஷ்டம் என்று கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும். ஒரு லட்சம் பேர் எழுந்து கத்துவார்கள். அபூர்வமாக வெளியாட்களுக்கும் அந்த மரியாதை கொடுத்திருக்கிறார்கள்: ஃபுட்பால் பயிற்சியாளர் வுடி ஹேஸுக்கு 1983-ல், கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸுக்கு 2006-ல், விண்வெளி வீரர் ஜான் கிளென்னுக்கு 2009-ல். பெரிய மனிதர்கள்தான், ஆனாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருத்தருக்குக் கிடைத்திருக்கலாமே என்று எனக்குப் படும்.

ஊதுகிற பிள்ளைகளில் இசையைப் பாடமாகப் படிக்கிறவர்கள் குறைவு. இன்ஜினியரிங் படிக்கிறவர்கள், கணக்கு படிக்கிறவர்கள்தான் நிறைய. இடம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. மாற்று ஆளாக இருப்பவர் வந்து, "உன் இடத்துக்கு நான் போட்டி போடுகிறேன்" என்று சவால் விடலாம். ஊதியும் நடந்தும் காட்டி ஜெயித்தால் அந்த வாரம் இடம் அவருக்கு. 1973 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. படிப்பில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று முந்தின வருஷம் சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. இப்போது பெண்களும் சூசாபோன் தூக்கிக்கொண்டு போய்ப் புள்ளி வைக்கிறார்கள்.

எல்லாம் பெருமைதான் என்று சொல்ல மாட்டேன். 2014-ல் பல்கலைக்கழகம் விசாரணை வைத்து, பேண்டுக்குள் அசிங்கமான பட்டப்பெயர்களும் கேவலமான பழக்கங்களும் ஊறிக் கிடந்ததாகச் சொல்லி இயக்குநரை நீக்கியது. அதற்கு முந்தின வருஷம்தான் மைக்கேல் ஜாக்சன் மாதிரி ஆள் உருவம் அமைத்து அதை மைதானத்தில் நடனமாட வைத்து உலகமே பார்த்த பேண்டு. இயக்குநரைப் போகச் சொன்னது சரியா தப்பா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. புதிதாக வந்த பிள்ளையைக் கேலி செய்துதான் பழக்க வேண்டும் என்ற எண்ணம் பட்டாளத்து வழியிலேயே கூட வருகிறதோ என்னவோ. உங்கள் பட்டாலியனிலும் அப்படி உண்டா? நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதே இல்லை.

தம்பியிடம் யூடியூபில் 'ஸ்கிரிப்ட் ஒஹாயோ' என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போன் வேண்டாம், டிவியில் பாருங்கள், சத்தத்தைக் கூட்டி வையுங்கள். பார்த்துவிட்டு எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் நடப்பவன் அடியை நீட்டுவானா, உள்பக்கம் நடப்பவன் குறுக்குவானா? மூச்சை எங்கே எடுப்பான்? எத்தனை தடவை பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

அப்புறம், காபித் தூள் தீர்ந்துவிட்டது. டிசம்பரில் யாராவது வந்தால் சிக்கரி குறைவாகப் போட்டு ஒரு கிலோ கொடுத்து அனுப்புங்கள்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் மகள்