வீட்டை ஒதுங்க வைக்குமுன்: கோமதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் புரை எடுத்தது நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சின்னவளுக்கு அவள் கேட்ட காலேஜிலேயே இடம் கிடைத்ததும் சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்கு முட்டிவலி மட்டும் கூடக்குறைய இருக்கிறது.

சித்திரை லீவில் அண்ணனும் தங்கச்சியும் வரும்போது அம்பாசமுத்திரம் வீட்டை ஒதுங்க வைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். மாதம் சரிதான். மெத்தை, தலையணையெல்லாம் காய வெயில் வேண்டும், ஆனியில் சாரல் பிடித்துவிட்டால் எதுவும் காயாது. ஆனால் முதல் நாளே லோடு ஆட்டோவை வரச்சொல்லி வேண்டாததை ஏற்றிவிடலாம் என்று அண்ணன் சொல்கிறாரே, அதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடு. நாற்பது ஐம்பது வருஷம் ஒரே குடும்பம் புழங்கிய வீட்டில் முதல் வேலை தேடுவது, கழிப்பது அதற்கப்புறம்தான். எது தொலையக் கூடாதோ அது கைக்கு வந்துவிட்டால் மிச்சத்தைக் கழிக்க யாருக்கும் தயக்கம் இருக்காது. தேடாமல் ஆரம்பித்தால் ஒவ்வொரு பெட்டியிலும் ‘இதில் ஏதாவது இருக்குமோ’ என்று சந்தேகம் வந்து, கடைசியில் எல்லாம் திரும்ப மச்சுக்கே ஏறிவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எதையும் வெளியே அனுப்பாதீர்கள். அது அவர்கள் வீடு. ஒரு பழைய டப்பா காணாமல் போனதை அவர்களாகக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் நல்ல யோசனை சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டாசலில் காற்று வருகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வை. சாமான்கள் தாம்பாளம் தாம்பாளமாக அவர்களிடம் வரட்டும். காலையில் ரெண்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் வயசானவர்களுக்கு அலுப்பு வந்து ‘எல்லாத்தையும் தூரப் போடு’ என்றோ ‘ஒண்ணையும் தொடாதே’ என்றோ சொல்லிவிடுவார்கள். ரெண்டுமே அவர்கள் மனசார எடுத்த முடிவாக இருக்காது.

தேடும்போது முதலில் காகிதம். அப்பாவின் மர பீரோ, டிரங்குப் பெட்டி, மேஜை இழுப்பறை, பூஜை அலமாரி என்று நாலைந்து இடங்களில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கட்டிலில் கொட்டிவிடக் கூடாது. சேர்ந்து கட்டி வைத்த கட்டு பெரும்பாலும் ஒரே சொத்தைப் பற்றியதாக இருக்கும், கலைத்துவிட்டால் எந்த ரசீது எந்த வயலுக்கு என்று தெரியாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் பாருங்கள். பழைய முத்திரைத்தாளில் குத்தியிருக்கும் குண்டூசி துருவேறிக் காகிதத்தோடு ஒட்டியிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அந்த மூலை பிய்ந்து ஊசியோடு வந்துவிடும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, ஒட்டியது விடும்வரை லேசாக அசைத்து, அப்புறம் உருவு. அதற்குப் பதிலாக ஸ்டேப்ளர் அடிக்காதே. மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதே, கொஞ்ச வருஷத்தில் பசை மஞ்சளாக ஊறி எழுத்தையே மறைத்துவிடும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் மை மங்கலாம், பிறகு பிரிக்கவும் முடியாது. நகல் எடுத்துக்கொண்டு, அசலைக் கெட்டிக் காகித உறையில் விரித்த வாக்கில் வைத்தால் போதும்.

ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. பத்திர எண், வருஷம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், யார் யாருக்கு எழுதிக் கொடுத்தது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். நாளைக்கு அசலுக்கே ஏதாவது ஆனாலும் இந்த எண்களை வைத்து வில்லங்கச் சான்றும் சான்றிட்ட நகலும் வாங்கிவிடலாம். தீர்வை ரசீதுகளைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். 1980களில் யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்களை மறுபடி எழுதியபோது பெயரும் பரப்பளவும் தப்பாக ஏறிப்போன நிலங்கள் நிறைய. அதைத் திருத்தக் கேட்டுப் போகும்போது, அதற்கு முந்தைய ரசீதும் பழைய பட்டாவும்தான் பேசும். அப்பாவின் பென்ஷன் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். கரண்ட் பில், கேஸ் ரசீது, கடைக் கணக்கு எல்லாம் தாராளமாகப் போகலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இருக்கிற தாள்களை மட்டும் கிழித்துவிட்டுப் போடு.

பங்குப் பத்திரம், பழைய பாஸ்புக், டெபாசிட் ரசீது ஏதாவது அகப்பட்டால் காலாவதி என்று விட்டுவிடாதே. பத்து வருஷம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசு கேட்டால் வங்கி தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ தளத்தில் அப்பா பெயரோடு பான் எண்ணோ பிறந்த தேதியோ கொடுத்துத் தேடலாம். ஏழு வருஷம் வாங்காத டிவிடெண்டும் அந்தப் பங்குகளும் ஐ.இ.பி.எஃப். என்ற அரசு நிதிக்குப் போயிருக்கும், அதையும் விண்ணப்பித்து மீட்கலாம்.

அடுத்தது ஒளித்து வைக்கும் இடங்கள். நம் அம்மாக்கள் பணத்தையும் பொட்டுத் தங்கத்தையும் பீரோவில் மட்டும் வைத்தவர்கள் இல்லை. புளிப்பானை, கடுகு டப்பா, அரிசிக் குதிர், மடித்த புடவையின் உள்மடிப்பு, சாமி படத்தின் பின்பக்க அட்டை, தலையணை உறை, இரும்பு பீரோ லாக்கருக்குள் இருக்கிற ரகசிய அறை, எல்லாம் பார்க்க வேண்டும். புத்தகத்தையும் பஞ்சாங்கத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறு. ரெண்டாயிரம் ரூபாய் நோட்டு விழுந்தால் அது இன்னும் செல்லும் நோட்டுதான். 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றார்கள், அவ்வளவுதான். இப்போது உள்ளூர் வங்கியில் வாங்க மாட்டார்கள். தபால் நிலையம் வழியாக ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். 2016இல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுகள் கிடைத்தால் ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு போதும். பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017 சட்டப்படி குற்றம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மச்சு. ஏறுகிறவர் முழுக்கை சட்டை, கையுறை, மாஸ்க், தலைத்துண்டு இல்லாமல் ஏறக் கூடாது. எலிப்புழுக்கையும் வௌவால் எச்சமும் காய்ந்து கிடக்கும். உலர்ந்தபடி பெருக்கினால் தூசி நெஞ்சுக்குள் போகும், தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தி அள்ளுங்கள். சாக்கையோ பாயையோ கையால் தூக்கும் முன் குச்சியால் தட்டு. தேளும் பூரானும் அதற்கடியில்தான் கிடக்கும். மேலே இருந்துகொண்டே தரம் பிரிக்க வேண்டாம். எல்லாவற்றையும் தார்சாவுக்கு இறக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

பாத்திரத்தில்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தால் இருப்பதிலேயே மட்டமான உலோகத்தின் விலைதான் வரும். செம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினியம், எவர்சில்வர், இரும்பு என்று ஆறாகப் பிரி. விரலால் சுண்டினால் வெண்கலம் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். வெண்கலக் கும்பாவையும் உருளியையும் பித்தளை விலைக்குக் கேட்பார்கள், கொடுக்காதே. இரும்புக் கைப்பிடி, வளையம் எல்லாம் இருக்கிறதா என்று ஒரு காந்தம் வைத்துப் பார்த்துத் தனியாகக் கழற்று. கொக்கித் தராசு ஒன்று வாங்கி வீட்டிலேயே நிறுத்து எழுதி வைத்துவிட்டுத்தான் கடைக்காரரைக் கூப்பிட வேண்டும். பழுதான மோட்டாரைப் பழைய இரும்போடு தள்ளிவிடாதே, உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது.

ஈயச்சொம்பு இருந்தால் ரசத்துக்கு வைத்துக்கொள். அது சுத்த வெள்ளீயமாக இருக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி போய்விடும், உள்ளே தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தீ. பித்தளைத் தவலையில் ஈயப்பூச்சு உரிந்து மஞ்சள் தெரிந்தால் புளி சேர்த்து எதுவும் சமைக்காதே. மறுபடி பூசச் சொல்லும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள், காரீயம் கலந்தால் அது விஷம்.

பட்டுப்புடவைகளை அவசரமாகத் தீர்மானிக்காதே. கரையில் ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டிப் பார்த்தால், அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும், அதன்மேல் சுற்றியிருப்பது வெள்ளிக் கம்பி. துணி இற்றுப் போயிருந்தாலும் அந்த வெள்ளிக்கு மதிப்பு உண்டு. வைத்துக்கொள்ளும் புடவைகளை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வை. பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக் கூடாது, கறுத்துவிடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்த உருண்டையே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

அம்மா கல்யாணத்துப் பத்தமடைப் பாய் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பெயர் நெய்த பாயாக இருந்தால் அதற்கு மாற்றே கிடையாது. மடித்து வைத்திருந்தால் மெதுவாக விரித்து, உலர்ந்த துணியால் கோரை போகும் திசையிலேயே துடைத்து, நிழலில் ஒரு நாள் போடு. அப்புறம் சுருட்டித்தான் வைக்க வேண்டும். மடித்த இடத்தில் கோரை ஒடிந்துவிடும், பிறகு ஒட்ட வைக்க வழியில்லை.

படங்களில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய போட்டோவைப் பிரிக்க முயலாதே, முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய், 600 டிபிஐ போதும். யார் யார் என்று அம்மாவைக் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுது, பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் புடைத்துத் தெரியும். நெகடிவ்களைத் தூக்கிப் போடாதே. வீடியோ கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மிஷினில் போடாமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடு.

தாத்தாவின் புத்தகங்கள், பழைய தமிழ்ப் பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள் இருந்தால் எடைக்குப் போடும் முன் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக் கேள். கோட்டையூரில் ஒருவர் தனியாகச் சேர்த்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த நூலகம் அது. ஓலைச்சுவடி அகப்பட்டால் கயிற்றை அவிழ்க்காமல், எண்ணெய் எதுவும் தடவாமல், தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் விசாரி.

இனி வைத்துக்கொள்வதற்கு ஒரு கேள்வி. ‘இது உபயோகப்படுமா’ என்று கேட்டால் எல்லாமே உபயோகப்படும் என்றுதான் பதில் வரும். ‘யார் வீட்டில், எந்த அலமாரியில்?’ என்று கேள். பதில் இல்லாதது போகட்டும். நீங்கள் மூன்று பேருமே ஆசைப்படும் பொருள்களைப் படம் எடுத்து எண் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக ஒன்று சொல்லுங்கள், அடுத்த சுற்றில் கடைசி ஆள் முதலில். எடுத்துக்கொண்டதை அந்த லீவு முடியும் முன்பே அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ‘அடுத்த தடவை எடுத்துக்கிறேன்’ என்று விட்டுப்போனதுதான் அடுத்த மச்சு.

மீந்ததை எரிக்க வேண்டாம். ரெக்ஸினும் டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் அம்மாதான் அந்தப் புகையை மூச்சில் இழுக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே மாற்று. பழைய டிவியின் படக்குழாயை உடைக்காதே, அதன் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. டியூப்லைட்டில் பாதரசம். இரண்டையும் முழுசாக மின்கழிவு எடுப்பவரிடம் கொடு. இலவம் பஞ்சு மெத்தையை மட்டும் கழிக்காதே, பிரித்து வெயிலில் காயவைத்து அடித்துப் புது உறை போட்டால் இன்னும் பல வருஷம் வரும்.

திரும்ப அடுக்கும்போது அம்மா தினம் எடுப்பதெல்லாம் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கட்டும். ஸ்டூல் போட்டு ஏற வேண்டிய பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கட்டிலிலிருந்து குளியலறை வரை மூன்றடி அகலத்துக்குத் தரை காலியாக வேண்டும், அங்கே மிதியடியோ ஒயரோ வேண்டாம். பெட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, சுவரைவிட்டு நாலு விரல் தள்ளி வை. அட்டைப் பெட்டி தரையைத் தொட்டால் கரையான் அடியிலிருந்தே தின்றுவிடும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சாக்கு ஒரு டஜன், கொக்கித் தராசு, காந்தம், காகித உறைகள், நோட்டு எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடு. பத்திரங்களில் ஏதாவது புரியவில்லை என்றால் முதல் பக்கத்தையும் பின்பக்க முத்திரையையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சாரதா