திரும்பி வருவேன் என்றவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தொலைக்காட்சி அறிவியல் புனைகதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். காலத்தில் பயணம் செய்யும் டாக்டர் என்ற நாயகரைப் பற்றிய பிரிட்டிஷ் தொடரான 'டாக்டர் ஹூ'வின் இருபதாம் ஆண்டுச் சிறப்புப் படமான 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' அதில் ஒரே வரியில் முடிந்துவிட்டது. பழைய முகங்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு காட்சி கொடுத்த கொண்டாட்டம் என்பதுதான் அந்த வரியின் சாரம். படித்ததிலிருந்து மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. போன சனிக்கிழமை இரவு அந்தத் தொண்ணூறு நிமிடப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பத்து வயது மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்த்து முடித்த சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

1983 நவம்பரில் ஒளிபரப்பான வண்ணப் படம் அது. ஆனால் தொடங்குவது கறுப்பு வெள்ளையில். நடிகர் மாறும்போதெல்லாம் டாக்டரும் புது உடல் எடுப்பார் என்பது தொடரின் வழக்கம். நரைத்த நீண்ட முடியோடு, அந்த வரிசையில் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னல், தன் கால எந்திரத்துக்குள் நின்று பேசுகிறார். ஒருநாள் திரும்பி வருவேன், அதுவரை வருத்தமும் கண்ணீரும் வேண்டாம் என்கிறார். அரை நிமிடம் இருக்கும். உடனே இசை அதிர, வண்ணத்தில் தலைப்பு ஓடுகிறது.

"அந்தத் தாத்தா யாரிடம் பேசுகிறார்?" என்று மகள் கேட்டாள்.

நான் படத்தை நிறுத்திவிட்டேன். அவர் பேசுவது தன் பேத்தியிடம். பூமியை டாலெக்குகள் என்ற எந்திர உடல் வேற்றுக்கிரகவாசிகள் பிடித்துவைத்திருந்த 1964ஆம் ஆண்டுக் கதையின் கடைசிக் காட்சி அது. பேத்தி சூசன் ஓர் இளைஞனை விரும்புகிறாள். தாத்தாவை விட்டுப் பிரிய மனம் வராமல் தவிக்கிறாள். அவளுக்காகத் தாத்தாவே முடிவெடுத்து, தன் கால எந்திரமான டார்டிஸின் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, வெளியே நிற்பவளிடம் பேசிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். அந்த வாக்கை ஹார்ட்னலால் காப்பாற்ற முடியவில்லை. உடல்நலம் குன்றி 1966இல் தொடரிலிருந்து விலகினார், 1975இல் காலமானார். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, அவர் இல்லாத படத்தின் வாசலில், அவர் குரலாலேயே "திரும்பி வருவேன்" என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

திரைக்கதை எழுதிய டெரன்ஸ் டிக்ஸின் கையில் என்னென்ன இருந்தன, என்னென்ன இல்லாமல் போயின என்று தெரிந்தால்தான் இந்தப் படத்தின் அருமை விளங்கும். முதல் டாக்டர் உயிரோடு இல்லை. நான்காம் டாக்டராக ஏழு ஆண்டுகள் கோலோச்சிய டாம் பேக்கர் நடிக்க மறுத்துவிட்டார். விளம்பரப் புகைப்படத்துக்கு அவருடைய மெழுகுச் சிலையைக் கொண்டுவந்து மற்றவர்களோடு நிறுத்தவேண்டி வந்தது. படத்தில் என்ன செய்தார்கள்? 1979இல் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்று, ஒளிபரப்பாகாமலே கிடந்த 'ஷாடா' கதையிலிருந்து, கேம்பிரிட்ஜ் ஆற்றில் அவர் படகில் போகும் துண்டை எடுத்துக்கொண்டார்கள். எல்லா டாக்டர்களையும் அவரவர் காலத்திலிருந்து யாரோ பிடுங்கியெடுக்கும்போது, இவர் மட்டும் வழியில் காலச்சுழலில் சிக்கிக்கொள்கிறார். அவர் சிக்கியதால் இப்போதைய டாக்டரான பீட்டர் டேவிசனின் உயிரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வராத நடிகரின் வெற்றிடமே கதையின் ஆபத்தாகிவிட்டது.

இது இந்தத் தொடரின் பிறவிக் குணம். டாக்டரின் உடல் பாம்பு சட்டையுரிப்பதுபோல் புதிதாகும் என்ற எண்ணமே ஹார்ட்னலின் உடல்நலக் குறைவிலிருந்து பிறந்ததுதானே.

இன்னொரு காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டாம் டாக்டரான பேட்ரிக் ட்ரௌட்டனும் அவருடைய ராணுவ நண்பர் பிரிகேடியரும், டாக்டரின் இனமான காலப் பிரபுக்களின் ஆதித் தலைவர் ராசிலானின் கல்லறைக் கோபுரத்துக்குள் போகும்போது, பழைய தோழர்களான ஜேமியும் ஸோயியும் எதிரே நின்று, மேலே வராதீர்கள் என்று தடுக்கிறார்கள். டாக்டரின் முகத்தில் முதலில் மகிழ்ச்சி, பிறகு கலக்கம். திடீரென்று யோசிக்கிறார். தன்னோடு பயணம் செய்த நாட்களை இவர்கள் மனத்திலிருந்து காலப் பிரபுக்கள் அழித்துவிட்டார்களே, அப்படியானால் நம்மை எப்படி அடையாளம் தெரிகிறது? கேட்ட மாத்திரத்தில் இருவரும் அலறி மறைகிறார்கள். மாயத் தோற்றங்கள். அன்பானவர்கள் தன்னை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையே அவர்கள் பொய் என்பதற்குச் சான்றாக்கிக்கொள்ள வேண்டிய கொடுமை அவருக்கு. ட்ரௌட்டன் அதைக் கண்களாலேயே நடித்துவிட்டு, கோமாளித்தனத்தோடு மேலே நடக்கிறார்.

செலவில்லாமல் எடுத்த படம் என்று கட்டுரையாளர் குறைப்பட்டிருந்தார். ராஸ்டன் போர் எந்திரம் வரும் இடத்தை அவர் மறுபடி பார்க்கவேண்டும். உடலோடு ஒட்டிய வெள்ளி உடை, கண்ணும் வாயும் இல்லாத வழவழப்பான முகம், அவ்வளவுதான் வேடம். ஒரு துள்ளு துள்ளி மறைகிறது. சைபர்மேன்கள் என்ற எந்திர மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் முளைக்கிறது. படப்பிடிப்பை நிறுத்தி, ஆளை இடம் மாற்றி, மறுபடி ஓட்டும் பழைய வித்தைதான். ஒரு கூட்டம் சைபர்மேன்களை அது சிதைத்துப் போடும்போது, பாறை மறைவில் மூன்றாம் டாக்டர் ஜான் பெர்ட்வீயும் அவருடைய தோழி சாராவும் அசையாமல் நிற்கிறார்கள். என் மகளும் காலை இழுத்துச் சோபாமேல் வைத்துக்கொண்டாள். 1995இல் வீடியோவில் வெளிவந்த திருத்திய பதிப்பையும் பார்த்திருக்கிறேன். டாக்டர்களைத் தூக்கிப்போகும் கருநிற ஸ்தூபியை எடுத்துவிட்டு, அதில் சுழல்காற்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கறுப்புத் துண்டுதான் வேண்டும். சத்தமில்லாமல் வந்து ஆளை விழுங்கிவிட்டுப் போவதில் உள்ள திகில் சுழல்காற்றில் இல்லை.

குறைகளை மறைக்கமாட்டேன். சாரா உருண்டு விழும் சரிவு அத்தனை பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. சூசனைக் கணுக்கால் சுளுக்கவைத்து ஓரமாக உட்காரவைத்தது அநியாயம். அதைவிட எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அந்தத் தொடக்கப் பேச்சு சூசனிடம் பேசியது. அவளாக நடித்த அதே கரோல் ஆன் ஃபோர்ட் படத்தில் இருக்கிறார். கண்ணாடிபோல் பளபளக்கும் நடைகூடத்தில் தாத்தாவைச் சந்திக்கிறார். ஓரிரு வரி பேசுவதற்குள் டாலெக் துரத்த வந்துவிடுகிறது. "திரும்பி வருவேன் என்றீர்களே" என்று ஒரு சொல் கேட்க அவளுக்கு இடம் தந்திருக்கக்கூடாதா?

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் ரிச்சர்ட் ஹர்ண்டல். ஹார்ட்னலின் இடத்தில் முதல் டாக்டராக நடித்தவர். ஹார்ட்னலின் முகத்தைத் திரையில் காட்டிய அடுத்த சில நிமிடங்களில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது எத்தனை கடினம்! அவர் ஹார்ட்னலை நகலெடுக்கவில்லை. அந்தச் சிடுசிடுப்பையும் தலை நிமிர்வையும் மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைத் தன் குரலில் செய்தார். டாக்டர்களைப் பிடுங்கியெடுத்தவரும் சாகாவரம் கேட்டு வந்தவருமான காலப் பிரபுக்களின் தலைவர் போருசாவுக்கு ராசிலான் தரப்போவது என்ன வகை வரம் என்பதை மற்றவர்களுக்கு முன் புரிந்துகொள்வது இவர்தான். போருசா கல்லறைச் சுவரில் கல்முகமாகப் பதிந்து, கண்கள் மட்டும் உயிரோடு உருளும்போது, ஹர்ண்டலின் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். கணக்கு விடை சரியாக வந்த வாத்தியாரின் திருப்தி. படம் ஒளிபரப்பான அடுத்த ஏப்ரலில் அவரும் காலமானார். சென்ற இதழ்க் கட்டுரையில் இந்தப் படம் பற்றிய வரியில் அவர் பெயர்கூட இல்லை. இந்தக் கடிதத்தை வெளியிட்டால் அந்தப் பெயராவது அச்சில் ஏறும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது முதலில் ஒலிப்பது அறுபதுகளின் பழைய இசை. பாதியில் அது எண்பதுகளின் இசைக்குள் போய்ச் சேர்கிறது. மகள் அதைக் கேட்டு முடித்துவிட்டு, தாத்தா கதவைப் பூட்டும் கதையைப் பார்க்கவேண்டும் என்றாள். ஆறு பகுதிகள். ஞாயிறு முதல் நாளுக்கொன்றாகப் பார்த்து வருகிறோம். இன்றிரவு ஆறாவது.

தங்கள் நெடுநாள் வாசகி