செயலாளரின் ஆண்டறிக்கை 2025: எட்டு வாரம் பார்த்தோம், மிச்ச வாரமெல்லாம் பேசினோம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சந்தாவைச் செலுத்தியவர்களுக்கும், விரைவில் செலுத்தப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

அறிவியல் புனைவுத் தொடர்களைக் கூடிப் பார்த்துக் கூடிப் பேசும் நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். செயற்குழு விதிப்படி கூடியது. நூலகத்துக்குப் புதிய அலமாரி வந்தது. இவை போக, ஆண்டு முழுவதும் நம்மை ஆட்டிவைத்தது ‘டாக்டர் ஹூ’ தொடரின் புதிய சீசன்தான். காலத்திலும் விண்ணிலும் பயணிக்கும், அவ்வப்போது உருமாறி வேறு முகம் பெறும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய பிபிசி தொடர் அது. எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும். மற்றத் தொடர்களின் ஆர்வலர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதல் சச்சரவு சீசன் தொடங்குவதற்கு முன்பே வந்தது. புதிய அலமாரியில் இதற்கு என்ன எண் ஒட்டுவது என்று நூலகர் கேட்டார். தயாரிப்பாளர்கள் 2024இலிருந்து எண்ணி இதை இரண்டாவது சீசன் என்கிறார்கள். 2005இல் தொடர் மீண்டும் வந்ததிலிருந்து எண்ணினால் பதினைந்தாவது. 1963 முதல் 1989 வரை வந்த இருபத்தாறு சீசன்களையும் சேர்த்தால் நாற்பத்தொன்றாவது. மூத்த உறுப்பினர்கள் நாற்பத்தொன்று என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நூலகர் எண்ணே வேண்டாம் என்று ஆண்டை மட்டும் எழுதி ஒட்டிவிட்டார். ஆண்டு முழுவதும் நம் சங்கத்தில் நான் கண்ட மிக விவேகமான முடிவு அது.

ஏப்ரல் 12 முதல் மே 31 வரை எட்டு சனிக்கிழமைகளில் எட்டு அத்தியாயங்கள் வந்தன. தொடக்கத்தில் நம்மிடையே அரிதான ஒற்றுமை நிலவியது. அதற்குக் காரணம் பெலிண்டா சந்திரா. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த வரதா சேது நடித்த பாத்திரம் அது. பொதுவாக டாக்டருடன் அவருடைய கால இயந்திரமான டார்டிஸில் ஏறுகிறவர்கள் பிரபஞ்சத்தைக் கண்டு வாய் பிளப்பார்கள். செவிலியரான பெலிண்டாவோ, அனுமதி கேட்காமல் தன் மரபணுவைச் சோதித்ததற்கு டாக்டரை நேருக்கு நேர் கண்டித்தார்; என்னை வீட்டில் கொண்டுபோய் விடு என்றார். டார்டிஸால் 2025 மே 24ஆம் தேதிக்குப் போய்ச் சேர முடியவில்லை என்பதுதான் சீசனின் முடிச்சு. ஏழாவது அத்தியாயம் சரியாக அதே தேதியில் ஒளிபரப்பானதைக் கண்டு நம் இளைய உறுப்பினர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டாவது அத்தியாயமான ‘லக்ஸ்’ நம்மையே கூண்டில் ஏற்றியது. கேலிச்சித்திர உருவம் ஒன்று திரையிலிருந்து இறங்கி வரும் கதை. அதன் நடுவில் டாக்டரும் பெலிண்டாவும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வருகிறார்கள். எதிரே மூன்று ‘டாக்டர் ஹூ’ ரசிகர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு மிகப் பிடித்த அத்தியாயம் 2007இல் வந்த ‘பிளிங்க்’. டாக்டர் அதிகம் தலைகாட்டாத அத்தியாயம் அது என்பதை அறிந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ரசிகர்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்று ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். கதை முடிந்தால் தாங்களும் மறைந்துவிடுவோம் என்று தெரிந்தே டாக்டரை வழியனுப்பிய அந்த மூவரைப் பார்த்து இன்னொரு சாரார் கண்கலங்கினார்கள். கேலி செய்கிறவர்கள் இவ்வளவு பரிவோடு எழுத மாட்டார்கள் என்பது என் கருத்து.

மூன்றாவதான ‘தி வெல்’ 2008இல் வந்த ‘மிட்நைட்’ கதையின் தொடர்ச்சி என்பது பாதியில்தான் தெரிந்தது. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அதைப் பற்றி ஒரு குறைகூட என் குறிப்பேட்டில் பதிவாகவில்லை. நம் சங்க வரலாற்றில் இது புதுமை.

இனி ஊகப் பலகையின் கதை. 2023 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தில் மிஸஸ் ஃப்ளட் என்ற மர்மமான பெண் தோன்றிய நாளிலிருந்து, அவர் யார் என்று எழுதி ஒட்டுவதற்கென்றே நம் அறிவிப்புப் பலகையின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. 1985இலும் 1987இலும் தொடரில் தோன்றிய வில்லி ராணிதான் அவர் என்று எழுதியவர்களை மற்றவர்கள் நகைத்தார்கள். மர்மமான பெண் பாத்திரம் எது வந்தாலும் ராணி என்று சொல்வது இந்தத் தொடரின் ரசிகர்களுக்குப் பழைய வழக்கம். பல்லாண்டுகளாக அது பலித்ததே இல்லை. மே 17ஆம் தேதி அத்தியாயத்தின் முடிவில் பலித்துவிட்டது. மிஸஸ் ஃப்ளட்டாக நடித்த அனிதா டாப்சன் இரண்டாகப் பிரிந்து, ராணியின் இன்னொரு உருவாக ஆர்ச்சி பஞ்சாபியும் வந்து நின்றார். நகைத்தவர்களில் ஒருவர்கூட அந்த வாரம் பலகைப் பக்கம் வரவில்லை.

மே 31இல் இறுதி அத்தியாயம் முடிந்ததும் கலந்துரையாடல் வைத்தோம். அறிக்கையில் எழுதத்தக்க சொற்களை மட்டும் எழுதுகிறேன். புகார்களை நான் குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதினேன். அதற்குச் சிலர் என் மீது இன்னும் வருத்தத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பிரிவினை சரி என்றே நினைக்கிறேன்.

முதல் பத்தியில் ‘நாங்கள் நினைத்தது வரவில்லை’ என்ற வகைப் புகார்கள். தொடரின் பழைய வில்லன் ஒமேகாவைப் பழைய கவசத்தோடு எதிர்பார்த்தால் ராட்சத எலும்புக்கூடாக வந்து, ராணியை விழுங்கிவிட்டு, சில நிமிடங்களில் ஒழிந்துபோனது என்பது இதில் அடங்கும். 2024 சீசனில் டாக்டரோடு பயணித்த ரூபியின் தாய் ஒரு சாதாரணப் பெண் என்று தெரிந்தபோது எழுந்த கூச்சலும் இதே வகைதான். பலகையில் ஆளுக்கொரு தெய்வத்தையும் வில்லனையும் எழுதி வைத்துவிட்டு, கதாசிரியர் வேறொன்றைக் காட்டினால் அவரை ஏமாற்றுக்காரர் என்பது நியாயமில்லை.

இரண்டாவது பத்தியில் ‘தொடர் தன் வாக்கைக் காப்பாற்றவில்லை’ என்ற வகை. இதில் நான் புகார் சொன்னவர்கள் பக்கம். தன் வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்று ஏழு வாரம் போராடிய பெலிண்டா, இறுதி அத்தியாயத்தில், ராணி உருவாக்கிய பொய் உலகில் அவருக்கு மகளாக வந்த குழந்தை பாப்பியுடன் ஓர் அறைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டார். பிறகு யதார்த்தமே மாறி, அந்தக் குழந்தைக்காகத்தான் அவர் வீடு திரும்பத் துடித்தார் என்று ஆகிவிட்டது. தாய்மையை யாரும் குறை சொல்லவில்லை. முதல் வாரத்தில் அனுமதி கேட்டாயா என்று டாக்டரிடம் சீறியவரின் கடந்தகாலத்தையே அவரைக் கேட்காமல் மாற்றிவிட்டு, அதைச் சுப முடிவு என்றால் எப்படி?

சூசன் விஷயமும் அப்படித்தான். 1963இல் முதல் அத்தியாயத்திலேயே இருந்த டாக்டரின் பேத்தி அவர். ஒருநாள் திரும்பி வருவேன் என்று 1964இல் தாத்தா சொல்லிவிட்டுப் போனார். அன்று சூசனாக நடித்த அதே கரோல் ஆன் ஃபோர்டை மே 17இல் திரையில் காட்டியபோது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் சீசன் முடியும் வரை சூசன் கதைக்கு விடையே வரவில்லை. இந்த எதிர்பார்ப்பை நாம் பலகையில் எழுதிக்கொள்ளவில்லை, தொடரே கொடுத்தது.

கடைசி நிமிடத்தில், டாக்டராக நடித்த ஷுட்டி காட்வா உருமாறி பில்லி பைபராகத் தோன்றியது பற்றிய விவாதம் தனிக்கூட்டமாகவே நடந்தது. வழக்கமாகப் புதியவரின் பெயரோடு ‘டாக்டராக’ என்று வரும். இம்முறை ‘அறிமுகம் பில்லி பைபர்’ என்று மட்டுமே வந்தது. 2005இல் டாக்டரின் தோழி ரோஸாக வந்தவருக்கு இருபது ஆண்டுகள் கழித்து அறிமுகமா என்பதில் தொடங்கிய பேச்சு, அவர் டாக்டரே இல்லை என்ற கட்சியில் போய் முடிந்தது. காட்வாவை இரண்டே சீசனில் அனுப்பிவிட்டதில் வருந்தாதவர் எவரும் இல்லை என்பதைக் குறிப்பேடு சொல்கிறது.

அக்டோபர் 28இல் டிஸ்னியுடனான கூட்டு முடிந்தது என்றும், 2026 கிறிஸ்துமஸுக்கு தொடரின் தலைமைக் கதாசிரியர் ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதும் சிறப்பு அத்தியாயம் வரும் என்றும் பிபிசி அறிவித்தது. தொடர் செத்துவிட்டது என்று அன்றே இரங்கல் கூட்டம் நடத்தக் கிளம்பியவர்களைத் தலைவர் தடுத்தார். 1989இல் நின்ற தொடர், நடுவில் 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தோடு, 2005 வரை காத்திருந்ததை நினைவுள்ளவர்கள் இந்தச் செய்தியை மிக அமைதியாக எடுத்துக்கொண்டார்கள்.

செயற்குழு இரண்டு தீர்மானங்களைப் பரிந்துரைக்கிறது. ஒன்று: அத்தியாயத்தைக் கூடிப் பார்த்து முடிக்கும் வரை, கசிந்த தகவல்களை அரங்கிலோ வாசலிலோ பேசக்கூடாது. இரண்டு: ஊகப் பலகை தொடரும், ஆனால் சீசனின் முதல் அத்தியாயம் தொடங்கும் நேரத்தில் அதைத் துணியிட்டு மூட வேண்டும். இரண்டாவதற்கு எதிர்ப்பு இருப்பதால், இரண்டையும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடுகிறேன். கை உயர்த்துபவர்கள் சந்தா ரசீதைக் கையில் வைத்திருக்கவும்.