ஆன் ஆர்பர் தமிழ்ச் சங்கம் (மிச்சிகன், அமெரிக்கா): செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல், சித்திரைத் திருநாள், கோடைக்கால ஒன்றுகூடல் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. பொங்கலன்று கொட்டும் பனியிலும் கரும்பு பத்தவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை மாணவர் நலக் குழுவுக்கே எடுத்துக்கொள்கிறேன். "மனநலமெல்லாம் சங்கத்தின் வேலையா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் மனநல மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தோம். மனச்சோர்வும் (டிப்ரெஷன்) சர்க்கரை வியாதி மாதிரி ஒரு வியாதிதான், மூளையின் ரசாயனம் சம்பந்தப்பட்டது என்று அழகாக விளக்கினார். அரங்கு நிறைந்தது. நிறைத்தவர்கள் பெரும்பாலும் நாம்தான், அதாவது பெற்றோர் வயதுக்காரர்கள். மாணவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கேள்வி கூட வரவில்லை. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1996-லும் 2006-லும் பொதுமக்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மனநோய்க்கு மூளையே காரணம் என்று சொல்பவர்கள் அந்தப் பத்தாண்டுகளில் கூடினார்கள். ஆனால் அப்படிப்பட்டவரோடு வேலை பார்க்கவோ அவரைக் கல்யாணம் மூலம் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளவோ தயங்குவது குறையவில்லை. வெள்ளைக்காரர்கள் இதிலெல்லாம் திறந்த மனசுக்காரர்கள் என்று நாம் நினைப்பதும் பாதிதான் சரி. மனச்சோர்வு, பதற்றம் என்றால் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்றால் அங்கேயும் குரல் தணிந்துவிடும்.

அதன்பிறகு குழு சொற்பொழிவை விட்டுவிட்டுச் சோற்றைப் பிடித்தது. வடக்கு வளாகக் குடியிருப்புப் பக்கம் சனிக்கிழமை மதியம் சாம்பார், கூட்டு, அப்பளம். பேச்சாளர் கிடையாது, பேனர் கிடையாது. பாத்திரம் கழுவும் இடத்தில்தான் பேச்சு வந்தது. (யார், எந்த ஊர் என்ற விவரங்களை இந்த அறிக்கையில் தேட வேண்டாம்.)

தமிழ்நாட்டிலிருந்து முதுகலை படிக்க வந்த பையன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, கவுன்சிலிங் போனா விசா கேன்சல் ஆகுமா?" வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கி வந்தவனுக்கு வேறென்ன கேள்வி வரும்? ஆகாது. சொல்லப்போனால், உடல்நிலை காரணமாகப் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள எஃப்-1 என்ற மாணவர் விசாவின் விதியே இடம் கொடுக்கிறது. மருத்துவரோ உரிமம் பெற்ற மருத்துவ உளவியலாளரோ கடிதம் தர வேண்டும். ஒரு பட்டப்படிப்புக்குள் மொத்தம் 12 மாதம் வரை அனுமதி உண்டு. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் பாடத்தை விட்டால்தான் விசாவுக்குச் சிக்கல். அதாவது மறைப்பதில்தான் ஆபத்து.

இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணின் கவலை வேறு. விசாவைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அம்மா தபால் பெட்டியைத் திறப்பதைப் பற்றித்தான் கவலை. 26 வயது வரை பெற்றோரின் இன்சூரன்ஸிலேயே இருக்கலாம் என்பதால், எந்த டாக்டரைப் பார்த்தோம், என்ன செலவு என்ற தாள் அப்பா பேருக்கு வீட்டுக்கே போய்விடலாம். பல்கலைக்கழக ஆலோசனை மையம் அங்கே பதிவு செய்து படிக்கும் மாணவர்களுக்கு இலவசம், பில்லே கிடையாது என்று சொன்னதும் அவள் முகம் தெளிந்ததைக் குழுவினர் எல்லோரும் பார்த்தோம். வெளியே தெரபிஸ்ட்டிடம் போவதானால், கடிதப் போக்குவரத்தை வேறு முகவரிக்கு மாற்றச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இலங்கையிலிருந்து 83-க்குப் பிறகு வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இந்த இரண்டு கவலையும் இல்லை. "அம்மா அப்பா பட்ட கஷ்டத்துக்கு முன்னால என்னுடையது ஒரு கஷ்டமா?" என்கிறார்கள். அதற்கு நம்மிடம் தாளில் அச்சடித்துத் தரும் பதில் இல்லை. சாப்பாடு முடிந்த பிறகும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆலோசகரைப் பார்த்தது தெரிந்தால் கல்யாணம் நடக்குமா என்ற கேள்வி எல்லாரிடமும் வந்தது. பெற்றோர் மட்டும் பயமுறுத்துகிறார்கள் என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் குணமாகாத கடும் மனநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. தூக்கம் வராமல் நாலு வாரம் ஆலோசகரைப் பார்ப்பதற்கும் அந்தச் சட்டப் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஜாதகம் பார்க்கும் வீட்டில் இரண்டும் ஒரே பையில் போய்விடுகிறது.

இத்தனையும் கேட்ட பிறகுதான் பழைய ஆய்வு ஒன்று புரிந்தது. 2009-இல் வெளியானது, முதன்மை ஆய்வாளர் டேனியல் ஐசன்பெர்க் அப்போது நம்மூர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 13 கல்வி நிலையங்களில் 5,555 மாணவர்களிடம் கேட்டார்கள். ஊரார் இளக்காரமாக நினைப்பார்கள் என்று மாணவர்கள் எண்ணிய அளவு, அவர்களே இளக்காரமாக நினைத்த அளவைவிட மிக அதிகம். ஆனால் உதவி தேடாமல் இருப்பதோடு தொடர்பு காட்டியது ஊரார் பற்றிய பயம் அல்ல, தன் சொந்த எண்ணம்தான். அந்தச் சொந்த எண்ணம் ஆசிய மாணவர்களிடமும் வெளிநாட்டு மாணவர்களிடமும் ஆண்களிடமும் கூடுதலாக இருந்தது. நம் சனிக்கிழமைப் பந்தியில் இந்த மூன்றும் சேர்ந்தவர்களே அதிகம். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பதைச் சாக்காகச் சொல்லிக்கொண்டு, அந்த நாலு பேர் சொல்வதாக நினைப்பதை நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம் என்பது என் கருத்து. செயற்குழுவில் இதை ஏற்காதவர்களும் உண்டு.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். சனிக்கிழமைச் சாப்பாடு தொடர வேண்டும். தேர்வு நெருங்கும் டிசம்பர், ஏப்ரல் மாதங்களில் வாரந்தோறும். விசா, இன்சூரன்ஸ், கல்யாணம் மூன்றுக்கும் பதில் சொல்லும் ஒரு பக்கத் தாளை ஆகஸ்டில் புதிதாக வருபவர்களுக்குத் தர வேண்டும். அதில் அமெரிக்காவில் 988, இந்தியாவில் இருக்கும் பெற்றோருக்குத் தமிழிலும் பேசும் 14416 என்ற இரு மனநல உதவி எண்களும் இருக்கும். முதல் தடவை ஆலோசனை மையத்துக்குப் போகத் தயங்குபவரோடு வாசல் வரை துணைக்குப் போக, மாணவர்களிலேயே தன்னார்வலர்கள் வேண்டும். பெயர் கொடுத்திருப்பவர்கள் போதாது, குறிப்பாகப் பையன்கள்.

அரங்க வாடகைக்கு ஒதுக்கிய தொகையை அரிசி பருப்புக்கு மாற்றித் தருமாறும், இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய குக்கரை இரவல் வாங்கிப் போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும்.

செயலாளர்
ஆன் ஆர்பர், மிச்சிகன்