பழைய கணினிக்கு முதலில் மாற்ற வேண்டியது ராம் அல்ல

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து, பத்து வயதான கணினிகளையெல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதான் என்ற பேச்சு பரவியிருக்கிறது. பிள்ளைகளின் பாடம், வங்கி வேலை, தட்டச்சு, வீடியோ என்ற அளவில் புழங்கும் வீட்டுக்குப் புதுக் கணினி வீண் செலவு. சரி, பழையதையே தேற்றலாம் என்று இறங்குகிறவர்களும் எடுத்த எடுப்பில் ராமை (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) வாங்கி மாட்டிவிட்டு, வேகம் கூடவில்லையே என்கிறார்கள்.

விண்டோஸில் எது எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கணினியைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகியும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், இழுப்பது ஹார்டு டிஸ்க்தான். சுழலும் தகட்டில் ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி வினாடி பிடிக்கும், சுழலும் பாகமே இல்லாமல் சில்லில் பதியும் எஸ்எஸ்டியில் 0.1 மில்லி வினாடி. விண்டோஸ் கிளம்பும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடக்கின்றன. எனவே முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். மதர்போர்டில் (கணினியின் தாய்ப்பலகை) டிஸ்க்கை மாட்ட இருப்பது பழைய சாட்டா 2 இணைப்பே ஆனாலும் மாற்றம் உடனே தெரிவது இதனால்தான். 256 ஜிபி போதும். 2.5 அங்குல சாட்டா வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். புதிய என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை அடாப்டர் போட்டு மாட்டினாலும் பழைய பயாஸ் (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) பெரும்பாலும் அதிலிருந்து கிளம்பாது.

எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சாட்டா மின் இணைப்பு மிச்சம் இல்லாவிட்டால், மோலெக்ஸ் என்ற பழைய வகை மின் இணைப்பிலிருந்து மாற்றித் தரும் கேபிள் கிடைக்கும். அதில் ஒரே வார்ப்பாக பிளாஸ்டிக் ஊற்றி மூடியதைத் தொடாதீர்கள். உள்ளே கம்பிகள் நெருங்கிக் கிடந்து, நாளடைவில் ஒட்டிக்கொண்டு தீப்பிடித்திருக்கின்றன.

விண்டோஸ் நிறுவும் முன் பயாஸில் சாட்டா முறையை ஏஎச்சிஐ (எஸ்எஸ்டிக்கு ஏற்ற முறை) ஆக்கிவிடுங்கள். நிறுவிய பிறகு மாற்றினால் நீல நிறப் பிழைத் திரைதான் வரும். பழைய டிஸ்க்கின் கேபிளையும் நிறுவி முடியும்வரை கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் துவக்கக் கோப்புகள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை எடுத்தால் கணினி கிளம்பாது. வேலை முடிந்ததும் படங்கள், வீடியோக்கள் வைக்க அதையே பயன்படுத்தலாம். ஆனால் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள்: சி5 வரிசையின் (படிக்க முடியாமல் திணறும் பகுதிகள்) மூல எண் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், உள்ளதை நகலெடுத்துக்கொண்டு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான்.

ராம் அடுத்தபடி. 8 ஜிபி தாராளம். ஒரே அளவில் இரண்டு 4 ஜிபியாகப் போட்டால் கணினியிலேயே உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கும் உதவும். ராமின் தலைமுறையையும் பாருங்கள்: டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மலிவாகக் கிடைக்கும் சில 8 ஜிபி டிடிஆர்3 ராம்கள் ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டுமானவை. விவரத்தில் அது பொடி எழுத்தில்தான் இருக்கும், இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது. இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவதெல்லாம் வீண். பழைய ராமைக் கழற்றி மாட்டியபின் திரை வராவிட்டால் பதற வேண்டாம். தங்க நிறப் பட்டையைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

வங்கித் தளம் சான்றிதழ் பிழை காட்டினால் வைரஸ் என்று ஃபார்மேட் செய்யும் முன் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னே போயிருந்தால் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவே.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்பு இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய புதுப்பிப்பின்போது தகராறு செய்யும். வீட்டில் பலரும் புழங்கும் கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நிம்மதி. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று சோதித்த பிறகு நிறுவலாம்.

யூடியூப் திணறுகிறது என்பதற்காக கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டாம். பழைய கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கு விபி9, ஏவி1 என்ற புதிய சுருக்க முறைகளில் வரும் வீடியோவைத் தாமே விரிக்கத் தெரியாது, அந்தச் சுமை பிராசசர் மேல் விழுகிறது. பழைய முறையான எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் (சிறு உருளை வடிவப் பாகங்கள்) தலை உப்பியிருந்தாலோ, போர்டு டிடிஆர்3-க்கும் முந்தைய டிடிஆர்2 காலத்தது என்றாலோ மட்டும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்