ஒட்டுக் கத்தியும் ஆறு மணியும்

சந்தூர்,
ஆடி 20

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை பிடித்துக்கொண்டதால் நர்சரியில் மாங்கன்று ஒட்டுக்கட்டும் வேலை, உட்கார்ந்து எழுத முடியவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம்.

ஜெயிலில் பாடம் நடத்தினால் எவன் திருந்துவான் என்று கேட்டிருந்தாய். போன வருஷம் கேட்டிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது என்னிடம் ஒருவன் வேலை செய்கிறான். வரப்புத் தகராறில் கொலை, வேலூர் மத்திய சிறையில் பதினோரு வருஷம். பெயர் வேண்டாம்.

அவன் கையில் ஒட்டுக் கத்தியைக் கொடுத்த அன்று வீட்டுக்காரி சரோஜா கொல்லைப் பக்கமே வரவில்லை. அவனோ கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, நல்ல ரகத்துக் குச்சியை ஆப்பு போலச் செதுக்கிச் சொருகி, பாலிதீன் நாடாவை இழுத்துச் சுற்றினான். நிமிர்ந்தே பார்க்கவில்லை. உள்ளே ஷூ தைக்கும் பிரிவில் இருந்தானாம். போலீஸ்காரர்களுக்கான ஷூ அங்கே தயாராவதுதான். சந்தூரில் அந்தத் தொழிலுக்கு வேலை ஏது? ஆனால் ஒரே இடத்தில் உட்கார உடம்பு பழகியிருக்கிறது. முன்பு டீக்கடையில் ஒரு வார்த்தை தடித்தாலே கை நீட்டுகிறவன்.

இது திருந்தியதா, அடங்கியதா என்றுதான் எனக்குப் புரியவில்லை. கேட் சாத்தியிருந்தால் தானே திறக்க மாட்டான், யாராவது வரட்டும் என்று நிற்பான். சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். ஜெயிலில் அறையைப் பூட்டும் நேரமாம் அது.

எப்படி இப்படி மாறினாய் என்று ஒருநாள் கேட்டேன். "பத்தாவதுக்குப் பேர் குடுத்ததே தண்டனையில நாள் கழியும்னுதான் அய்யா" என்றான். "அப்புறம் பொண்ணுக்கு என் கையால லெட்டர் எழுதினேன். சண்டை போட்டா மனு பார்க்க, அதான் வீட்டு ஆளுங்களைச் சந்திக்க, விடமாட்டாங்க. அதுக்குப் பயந்தே ஒதுங்கிட்டேன்."

என் பேரன் ஒரு கணக்குச் சொன்னான். அமெரிக்காவில் ராண்ட் என்கிற ஆய்வு நிறுவனம் 2013-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிறைக்குள் படித்தவர்கள் மறுபடி குற்றத்துக்குப் போகும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாம். படிக்க வருகிறவனே பாதி மாறியவன்தானே என்று மடக்கினேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்தானாம் அது. சரி, ஒப்புக்கொண்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. நம் நாட்டுக் கைதிகளில் நாலில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பே ஆகாத விசாரணைக் கைதிகள். பட்டறையும் கூலியும் பெரும்பாலும் தண்டனை பெற்றவர்களுக்குத்தான். எங்கள் தெருப் பையன் ஒருவன் பைக் திருட்டு வழக்கில் ஆறு மாதம் கிளைச்சிறையில் சும்மா கிடந்தான். உள்ளே போகும்போது ஒரு பூட்டைத்தான் திறக்கத் தெரியும். இப்போது எல்லா வண்டிக்கும் வழி சொல்கிறான். கொலைகாரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பயப்படுவது இவனைப் பார்த்துத்தான்.

நீ கேட்ட மாங்கன்றுகள், இமாம்பசந்து இரண்டும் செந்தூரா ஒன்றும், அடுத்த வாரம் பார்சலில் வரும். மூன்றும் அவன் கட்டியவை. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடு, விட்டால் கொட்டைச் செடிதான் மேலே வரும். நாடாவை நானே வெட்டி அனுப்புகிறேன், நீ கை வைக்காதே.

உன்,
வேலாயுதம்