பணக்காரர் விளையாட்டு என்றாயே, மச்சான்

கொழும்பு,
22.11.2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கண்புரைச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். "இனியாவது எழுத்தைக் கொஞ்சம் பெரிசா எழுதச் சொல்லுங்கோ" என்கிறாள். இங்கே புதினம் பெரிதாக இல்லை. பின்னேரமானால் மழை. மெல்பேர்னில் இருக்கிற மூத்தவன் சுகம். இளையவளுக்குப் பேச்சுக்கால் நடக்கிறது. முற்றாகின பிறகு எழுதுகிறேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு குத்துக் குத்தியிருந்தாய். கிரிக்கெட்டோடு வளர்ந்தவன், வயது போன காலத்தில் நடுச்சாமம் வரை முழித்திருந்து பணக்காரர் புல்லுக்குள் தடியோடு நடக்கிற கோல்ஃபைப் பார்க்கிறானாம் என்று. இதை உனக்குச் சொன்னது மூத்தவனாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டாய், இனிப் பதிலையும் வாசி.

என்னைப் பிடித்தது களனிவெளி ரயில்தான். கிருலப்பனையில் ஏறி மருதானைக்குப் போன காலமெல்லாம், நாரஹேன்பிட்ட தாண்டிக் கோட்டா வீதி வருவதற்குள் ரயில் ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் புல்லுக்கு ஊடாகவே போகும். ரயில் போகும்வரை விளையாடுகிறவர்கள் நின்று வழிவிட வேண்டும். பெட்டி வாசலில் வியர்வையோடு தொங்குகிற நாங்கள் போக, வெள்ளைத் தொப்பி போட்ட கம்பனி முதலாளிமார் காத்து நிற்பார்கள். அந்த ஒரு நிமிசத்துக்காகவே அந்தப் பக்கத்து வாசலைப் பிடிப்பேன். 1879இல் காலி முகத்திடலில் தொடங்கிய கிளப் அது. 1896இல்தான் பொரளைப் பக்கம் வந்தது. இன்றைக்கு நாங்கள் இறால் வடை தின்கிற கடற்கரையில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் பந்தடித்தான்.

முதலாளிமாரைவிட நான் கவனித்தது பையைச் சுமக்கிற கெடிமாரைத்தான். காற்று எந்தப் பக்கம், எந்தத் தடி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் அவர்கள். எங்கள் நாட்டுத் தொழில்முறை வீரர்களில் பலர் கெடியாகத் தொடங்கியவர்கள் என்பது உனக்குத் தெரியாதிருக்கும். ஆகவே பணக்காரர் விளையாட்டு என்று நீ சொன்னது பாதிதான் சரி.

மற்றப் பாதிக்கு இந்த வருடத்து ஐரோப்பிய டூரின் கதையைச் சொல்லவேண்டும். வருடம் முழுக்க நாடு நாடாக நடக்கிற தொழில்முறைப் போட்டித் தொடர் அது. 1972இல் தொடங்கியது. இப்போது டிபி வேர்ல்ட் டூர் என்று பெயர். பெயரில் ஐரோப்பா போனதுபோல வரைபடத்திலும் போய்விட்டது: அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, மொரிஷியஸ், டுபாய், கென்யா, இந்தியா, சீனா என்று சுற்றி, கோடையில்தான் ஐரோப்பாவுக்கு வருகிறது. 40க்கு மேற்பட்ட போட்டிகள். இதில் சம்பளம் என்று ஒன்று கிடையாது, மச்சான். விமானச் சீட்டு, அறை வாடகை, கெடிக்குக் கிழமைக் கூலி எல்லாம் வீரனின் கைக்காசு. போட்டி நாலு நாள். வியாழனும் வெள்ளியும் விளையாடி முடிய முதல் 65 இடத்துக்குள்ளும் சமநிலையிலும் நிற்கிறவர்கள் மட்டும் சனி, ஞாயிறு விளையாடலாம். மிச்சப் பேருக்குக் கட். வெள்ளி பின்னேரம் பெட்டி கட்ட வேண்டியதுதான், பரிசுக் காசு ஒரு சதமும் இல்லை. வெற்றி பெறுகிறவன் பரிசுத் தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு போவான்.

வருட முடிவில் புள்ளிப் பட்டியலில் முதல் நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் அடுத்த வருடம் ஆடும் உரிமை, அதாவது கார்ட். அது இல்லாதவன் ஸ்பெயினில் தகுதிப் போட்டிக்குப் போய், ஆறு சுற்று ஆடி, முதல் 20 இடத்துக்குள் வரவேண்டும். அதனால்தான் எனக்கு ஞாயிறைவிட வெள்ளிக்கிழமை பிடிக்கும். ஞாயிறு பார்ப்பது யார் இன்னொரு மில்லியன் எடுக்கப் போகிறான் என்பதை. வெள்ளியன்று, கட் கோட்டில் நிற்கிற ஒருவன் கடைசியான பதினெட்டாம் குழியில், நாலடி தூரம் பந்தைக் குழிக்குள் உருட்டவேண்டிய பட் ஒன்றுக்கு முன்னால் குனிந்து நிற்பான். கமரா அவன் பக்கம் திரும்பாது. ஸ்கோர் பலகையில் அவன் பெயர் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறுவதும் கீழே போவதும்தான் எங்களுக்குத் தெரியும்.

இந்தச் சீசனில் என் ஆள் மார்கோ பென்ஜ் என்ற இங்கிலாந்துக்காரன். போன வருடம் ஒக்டோபரில் கார்ட் பறிபோகும் கட்டத்தில் நின்றான். கொரியாவில் கடைசிப் போட்டி, கடைசிக் குழி, ஒரு பட். விழுந்தது, கார்ட் தப்பியது. மூச்சு விடுவதற்குள் அடுத்த அடி. கோல்ஃப் போட்டிகளில் பந்தயம் கட்டியிருக்கிறான் என்று மூன்று மாதத் தடை. தன் மேல் பந்தயம் கட்டவில்லை, ஆனாலும் சட்டம் சட்டம்தான். அவனுக்காக நான் வக்காலத்து வாங்கமாட்டேன். தடையில் ஒரு மாதத்தை ஒத்திவைத்தார்கள். பெப்ரவரியில் திரும்பி வந்தான். ஏப்ரலில் சீனாவின் ஹைனானில் முதல் வெற்றி. ஓகஸ்டில் டென்மார்க். ஒக்டோபரில் மட்ரிட்டில் ஸ்பானிய ஓபன், அதுவும் சமநிலைக்குப் பிறகு ஆடுகிற பிளேஓஃபில். அந்த வெற்றியோடு அடுத்த வருடம் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிக்கு அழைப்பும் சேர்ந்து வந்தது. ஒரு வருடத்துக்கு முந்தி வேலை போகிற கட்டத்தில் நின்றவன் சீசன் முடிவில் மொத்தப் பட்டியலில் இரண்டாம் இடம். அந்தக் கொரியப் பட் வெளியே போயிருந்தால் இத்தனைக்கும் இடமே இல்லை. கிரிக்கெட்டில் பூச்சியம் அடித்தவனுக்கும் ஒப்பந்தக் காசு வரும். இங்கே கட்டில் போனவனுக்குப் பரிசுக் காசு வராது.

பட்டியலில் முதல் இடம் ரோரி மக்கில்ரோய்க்கு, ஏழாவது தடவை. அவனைப் பற்றி எழுதாவிட்டால் நீயே "பேப்பரில் வந்த ஆளை விட்டுவிட்டாயே" என்பாய். மாஸ்டர்ஸ் கடைசி நாள் ஏப்ரல் 13, ஞாயிறு. அமெரிக்காவில் பின்னேரம் என்றால் எங்களுக்கு மறுநாள் விடியப்புறம், அதாவது விசுவாவசு வருடம் பிறந்த அன்று! மனிசி மருத்துநீரைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, தலையில் வைக்க வாருங்கோ என்று கூப்பிடுகிறாள். நான் ரீவி முன்னால். மக்கில்ரோய் முதல் குழியிலேயே இரண்டு அடியைக் கூடுதலாக விட்டான். பதின்மூன்றில், சின்னப் பிள்ளையும் குழியைச் சுற்றியுள்ள பச்சையில் போட்டுவிடக்கூடிய கிட்டத்து வெட்ஜ் அடியை ஓடைக்குள் போட்டான். பதினைந்தில் மரங்களைச் சுற்றி வளைத்து, தண்ணீரைத் தாண்டி, கொடிக்குப் பக்கத்தில் ஒரு ஏழாம் இரும்பு அடி. அதைப் பார்க்க நித்திரையில் இருந்த மூத்தவனையும் போன் எடுத்து எழுப்பினேன். பதினெட்டில் கிட்ட நின்ற பட் ஒன்றைத் தவறவிட்டு ஜஸ்டின் ரோஸோடு சமநிலை.

மேஜர் என்கிற நாலு பெரிய போட்டிகளில் 2014க்குப் பிறகு ஒன்றும் வெல்லாத மனிசன், அந்த நாலில் இது ஒன்றுதான் பாக்கி. பிளேஓஃபுக்குப் போகும் வழியில் அவனுடைய கெடி ஹரி டயமண்ட், சின்ன வயதுக் கூட்டாளி, சொன்னானாம்: திங்கட்கிழமை காலை யாராவது இதைத் தருகிறேன் என்றிருந்தால் இரண்டு கையாலும் வாங்கியிருப்போமே என்று. பிறகு மக்கில்ரோயே செய்தியாளரிடம் சொன்ன கதை. தந்திரமும் இல்லை, தத்துவமும் இல்லை, கூட்டாளிமார் கதைக்கிற கதை. ஐந்து மணிக்குச் சற்று முந்திப் பந்து குழிக்குள் விழுந்தது. ஆள் முழந்தாளில் விழுந்து அழுதான். நாலு மேஜரையும் எடுத்த ஆறாவது ஆள். எங்கள் வீட்டில் வெடி கேட்கவில்லை, பக்கத்துச் சிங்கள வீட்டில் போட்டார்கள். புதுவருடத்துக்குத்தான்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுகிற ரைடர் கிண்ணத்தைப் பற்றிப் பெரிதாக எழுத மனமில்லை. நியூயோர்க்கில் ஐரோப்பா 15–13 என்று வென்றது. ஷேன் லோரியின் கடைசிக் குழிப் பட்டோடு கிண்ணம் கைவிட்டுப் போகாதென்று உறுதியானது. ஆனால் சனங்கள் கத்திய கத்தலைக் கேட்டால் நம்முடைய பள்ளிக்கூட பிக் மட்சே மரியாதை என்பாய்.

ஒக்டோபரில் டெல்லி. எனக்கு அதுதான் வசதி: டெல்லியும் கொழும்பும் ஒரே நேரம், நித்திரை முழிக்கத் தேவையில்லை. டெல்லி கோல்ஃப் கிளப் நீ நினைக்கிற பரந்த வெளி இல்லை. இரண்டு பக்கமும் பற்றை, நடுவில் ஒழுங்கை மாதிரிப் பாதை, பழைய முகலாயக் கல்லறைகள், மயில்கள். உலகத்தில் மிக நீளமாக அடிக்கிறவர்களில் ஒருவனான மக்கில்ரோய் அந்தக் கிழமை தூர அடிக்கிற டிரைவர் தடியைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. வென்றது டொமி ஃபிளீட்வூட். தீபாவளிக்கு முதல் நாள் அது. குசினியில் பயிற்றம் பணியாரம் பொரிகிறது, நான் இங்கே. அவனுடைய சின்ன மகன் முன்னமே ஒரு குறை சொல்லியிருந்தானாம்: அப்பா வென்று, தான் பதினெட்டாம் பச்சைக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க ஒரு தடவையும் கிடைக்கவில்லை என்று. டெல்லியில் ஓடினான்.

அடுத்த மாதம் அபுதாபியில் அதே ஃபிளீட்வூட்டைப் பிளேஓஃபில் வென்றவன் ஆரன் ராய், இங்கிலாந்தில் பிறந்த இந்திய வம்சாவளிப் பிள்ளை. அவனுடைய பையைப் பார்த்தால் நீ உன் வாயை மூடுவாய். இரும்புத் தடி ஒவ்வொன்றுக்கும் உறை போட்டிருக்கிறான். பெரிய வீரர் ஒருவரும் இரும்புக்கு உறை போடுவதில்லை, அது பழகுகிறவர் வேலை என்று சிரிப்பார்கள். இவன் சின்னவனாக இருந்தபோது வசதிக்கு மீறின விலையில் ஒரு செட் நல்ல தடி வாங்கிக் கொடுத்தார் தகப்பன். விளையாடி வந்ததும் ஒவ்வொரு தடியின் முகத்திலும் உள்ள கோடுகளை ஊசியால் கிண்டி, குழந்தைகளுக்குப் பூசுகிற எண்ணெய் தடவித் துடைத்து, உறை போட்டு வைப்பாராம். அந்த நினைவுக்காகத்தான் இன்னும் போடுகிறேன் என்கிறான். முப்பது வயதில், மில்லியன் கணக்கில் உழைத்துக்கொண்டு.

டுபாய் இறுதிப் போட்டி போன ஞாயிறு முடிந்தது. மொத்தம் 10 மில்லியன் டொலர், வென்றவனுக்கு 3 மில்லியன். மக்கில்ரோய் கடைசிக் குழியில் ஈகிள் போட்டு, அதாவது கணக்குக்கு இரண்டு அடி குறைவாக முடித்து, சமநிலைக்கு வந்தான்; பிளேஓஃபில் பந்தைத் தண்ணீருக்குள் அடித்தான்; மட் ஃபிட்ஸ்பட்ரிக் வென்றான். ஆனாலும் வருடத்து முதலிடம் மக்கில்ரோய்க்கே. கொலின் மொன்ட்கொமரியின் எட்டுக்கு இன்னும் ஒன்று குறை. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. மேஜர் போட்டிகளின் புள்ளியும் இந்தப் பட்டியலில் சேருவதால், அமெரிக்காவில் அதிகமாக ஆடுகிறவன் இங்கே கொஞ்சப் போட்டிக்கு வந்தும் முதலிடம் எடுக்கலாம். சீனா, டென்மார்க், ஸ்பெயின் என்று அலைந்த பென்ஜுக்கு இரண்டாம் இடம். அதற்கும் பரிசு என்ன தெரியுமா? பட்டியலின் மேலே வருகிற, அமெரிக்க உரிமை இல்லாத பத்துப் பேருக்கு அமெரிக்க டூரின் கார்ட். வளர்த்து ஆளாக்கி அங்கே அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் டொக்டர்மார் கதைதான்.

ஆனால் அந்த ஏணிக்குக் கீழ்ப் படியும் உண்டு, எனக்கு ஆசை அதில்தான். இந்தியத் தொழில்முறை டூரில் வருட முதலிடம் எடுக்கிறவனுக்கு ஐரோப்பிய டூரின் கார்ட் கிடைக்கும். அந்த இந்திய டூரில் ஆடுகிறவர்களில் நம்முடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்: என். தங்கராஜா, மிதுன் பெரேரா, கே. பிரபாகரன். தங்கராஜா அங்கே போட்டிகள் வென்றும் இருக்கிறான். பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வரும், அதையும் நான்தான் வாசிக்கிறேன் போல. அவன் ஆடுகிற கிழமைகளில் போனில் ஸ்கோரைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். ஒளிபரப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளி பின்னேரம் அவன் பெயருக்கு நேரே மூன்றாம் நாள் தொடங்கும் நேரம் விழுந்திருந்தால் எனக்குத் தேத்தண்ணி ருசிக்கும்.

வருகிற வியாழன் பிரிஸ்பேனில் அடுத்த சீசன் தொடங்குகிறது. பழையது முடிந்து இரண்டு கிழமைகூட ஆகாது, இவர்களுக்கு லீவே இல்லை. அவுஸ்திரேலியா என்றபடியால் எங்களுக்குக் காலையில் பார்க்கலாம், மனிசிக்கும் சண்டை பிடிக்கக் காரணம் இருக்காது.

மார்கழியில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். திகதியை முந்தியே சொல், அறையை ஒதுக்கி வைக்க வேண்டும். சனி ஞாயிறைச் சேர்த்து வராதே, கிழமை நாளில் வா. வெள்ளி இரவு உனக்கு ஒரு கட் காட்டுகிறேன். வரும்போது ஒடியல் மா ஒரு கிலோ கொண்டு வா. போன முறை கொடுத்தனுப்பியது கூழுக்குச் சரியாக இல்லை என்று மனிசி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கடையை மாற்று.

அன்புடன்,
உன் வாங்குக் கூட்டாளி